பனி கொட்டுமா, மழையாய்ப் போகுமா?
வாசகர் கேள்வி – பதில்

ஜனவரி பிறந்தால் பிரிட்டன் வாழ் வாசகர்களின் கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: இந்த முறையாவது பனி கொட்டுமா? கிழக்குக் காற்று திரும்பப் போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, ஊர் பெயரோடு பதில் தருகிறோம்.

கே: என் போன் செயலியில் வெள்ளிக்கிழமை பார்த்தபோது பத்தாம் நாளுக்கு நேரே பனிச்செதில் படம் இருந்தது. சனிக்கிழமை வெறும் மேகம். ஞாயிறு மறுபடியும் பனி. திங்கள் மழை. இதில் எதை நம்புவது? (ஹாரோ)

ப: நான்கையும் நம்ப வேண்டாம். பத்தாம் நாளின் படத்தை யாரும் உட்கார்ந்து யோசித்துப் போடுவதில்லை. ஏதோ ஒரு கணினி மாடலின் ஒரே ஓட்டத்திலிருந்து எண்களை எடுத்துச் செயலி தானாக ஒட்டும் படம் அது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடி, ஒவ்வொரு முறையும் 16 நாள் வரை கணிக்கிறது. ஓட்டத்துக்கு ஓட்டம் தொடக்கத் தகவலில் சிறு வேறுபாடு இருக்கும். அந்தச் சிறு வேறுபாடு பத்து நாளில் வளர்ந்து ஒரு காற்றழுத்தத் தாழ்வை ஸ்காட்லாந்திலிருந்து பிரான்சுக்கு நகர்த்திவிடும். தாழ்வு நமக்கு வடக்கே போனால் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான மழை. தெற்கே போனால் கண்டத்துக் குளிரும் பனியும். உங்கள் செயலி நான்கு நாளாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடியிருக்கிறது.

பார்க்க வேண்டியது ‘என்செம்பிள்’ வரைபடம். ஒரே மாடலைத் தொடக்கத் தகவலில் சின்னச் சின்ன மாற்றம் செய்து பலமுறை ஓட்டி, எல்லா விடைகளையும் கோடுகளாக ஒரே தாளில் வரைவார்கள். ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடலில் 50 கோடுகளும் மாற்றம் செய்யாத ஒரு கோடும் இருக்கும். ஜிஎஃப்எஸ்ஸில் 30-ம் ஒன்றும். முதலில் உங்கள் ஊருக்கு மிக அருகிலுள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கோடுகள் எந்த நாள்வரை கட்டாக ஒன்றாகப் போகின்றன, எந்த நாளில் விசிறியாக விரிகின்றன என்று பாருங்கள். விரிந்த பிறகு வருவதில் ஒரு கோடு மட்டும் பாதாளத்துக்கு இறங்கினால் அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். ஐம்பதில் முப்பது கோடுகள் ஒன்றாக இறங்கினால், அதுவும் அடுத்தடுத்த மூன்று நான்கு ஓட்டங்களில் அப்படியே இருந்தால், அப்போது உற்சாகப்படலாம்.

பத்து நாளுக்கு முன் காற்றின் திசை பற்றி ஒரு ஊகம் கிடைக்கும், அவ்வளவுதான். ஐந்து நாளுக்கு முன் குளிர்காற்று வந்து சேருமா என்பது ஏறக்குறையத் தெரியும். எந்த வட்டாரத்தில் பனி என்பது இரண்டு மூன்று நாளில் தெளியும். உங்கள் தெருவில் பனியா ஸ்லீட்டா (மழையும் பனியும் கலந்தது) என்பதைக் கடைசி 24 மணி நேரத்துக்கு முன் சொல்கிறவர் யாராக இருந்தாலும் ஆசையில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: வானிலை ஆர்வலர்கள் ‘மைனஸ் ஐந்து வந்துவிட்டது’, ‘528 கோடு தாண்டிவிட்டது’ என்று பேசிக்கொள்கிறார்கள். எந்த எண்களைப் பார்க்க வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்ல முடியுமா? (கிராய்டன்)

ப: நான்கு எண்கள் போதும். ஆனால் ஒவ்வொன்றும் எங்கே காலை வாரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தில் உள்ள வெப்பநிலை. தரையிலிருந்து சுமார் 1,400, 1,500 மீட்டர் உயரம் என்று கொள்ளலாம். அங்கே மைனஸ் 5 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால் பனிக்கு வாய்ப்பு என்பது பழகிய விதி. இரண்டாவது, 528. தரைப் பக்கம் 1000 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்கும் மேலே 500 மட்டத்துக்கும் இடைப்பட்ட காற்று அடுக்கின் தடிமன் 5,280 மீட்டர் என்பதன் சுருக்கம் அது. குளிர்ந்த காற்று சுருங்கும். தடிமன் குறையக் குறையக் குளிர் அதிகம். 528-க்குக் கீழே பனிக்கும் மழைக்கும் சரிசமப் போட்டி. 522-க்குக் கீழே என்றால் பனியின் பக்கம் தராசு சாயும்.

இந்த இரண்டும் மேலே உள்ள காற்றைப் பற்றியவை. பனி உருகுவதோ கடைசி சில நூறு மீட்டரில். அதனால்தான் வடமேற்குக் காற்றில் 850 மட்டம் மைனஸ் 7 காட்டினாலும் லிவர்பூல் கடற்கரையில் வெறும் ஈரத் தூறல் விழுகிறது. காற்று நூற்றுக்கணக்கான மைல் அட்லாண்டிக்கின் மேல் நகர்ந்து வரும்போது அடிப்பகுதி சூடாகிவிடும். மாறாக, ஜெர்மனி, நெதர்லாந்து வழியாக வரும் கிழக்குக் காற்றில் குளிர் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அங்கே 850 மட்டம் மைனஸ் 3 மட்டுமே இருந்தாலும் நல்ல பனி விழலாம். காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் மைனஸ் ஐந்தை மட்டும் மந்திரமாகச் சொல்வதால்தான் பல ஏமாற்றங்கள்.

மூன்றாவது எண்தான் எங்கள் கணக்கில் முதல் எண்: ட்யூ பாயின்ட் எனப்படும் பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. தரைமட்டத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஏன் என்று பாருங்கள். மண்பானையின் மேல் ஈரம் ஆவியாகும்போது உள்ளே தண்ணீர் குளிர்கிறதல்லவா? வறண்ட காற்றுக்குள் மழையோ பனியோ விழும்போதும் அதுவே நடக்கிறது. துளி ஆவியாகக் காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது, காற்று குளிர்கிறது. எந்த அளவுவரை குளிரும் என்பதைக் காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. தோராயமாகக் கணக்கிட ஒரு வழி உண்டு. வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். வெப்பநிலை 3, பனிப்புள்ளி மைனஸ் 4 என்றால் வித்தியாசம் 7. மூன்றில் ஒன்று 2.3, விடை 0.7. துல்லியமாகக் கணக்கிட்டால் இன்னும் கொஞ்சம் குறைவாகவே வரும். இது பனிக்கு ஏற்ற இடம். வெப்பநிலை 2, பனிப்புள்ளி 1.5 என்றால் விடை 1.8. இது மழை. பார்வைக்கு அதிகக் குளிர் இரண்டு டிகிரி நாள்தான்; பனி விழுவதோ மூன்று டிகிரி நாளில்! செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது எப்போதும் புதிராகவே இருக்கும்.

நான்காவது, மழையின் வேகம். மேலிருந்து விழும் பனி உருகும்போதும் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று அசையாமல், பொழிவு கனமாக, ஒரே இடத்தில் ஓரிரு மணி நேரம் நீடித்தால் உறைமட்டம் (வெப்பநிலை பூஜ்யமாகும் உயரம்) சில நூறு மீட்டர் கீழே இறங்கிவிடும். மெல்லிய தூறலில் இது நடக்காது. காற்று பலமாக வீசினாலும் நடக்காது, புதிய சூடான காற்று வந்துகொண்டே இருக்கும். ‘ஒரு மணி நேரம் மழை, பிறகு திடீரென்று பெரிய பெரிய செதில்களாகப் பனி’ என்று நீங்கள் பார்த்திருந்தால் காரணம் இதுவே.

உங்கள் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஹீத்ரோ விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர். பிகின் ஹில் ஏறக்குறைய 180 மீட்டர். இழுபறியான நாளில் அந்த 150 மீட்டர் ஒரு டிகிரிக்குச் சமம். தெற்குக் கிராய்டன் மேட்டில் பனிமனிதன் நிற்கும்போது கீழே கடைத்தெருவில் குடை பிடித்துப் போவார்கள். மத்திய லண்டனில் கட்டடங்களின் சூடும் சேர்ந்துகொள்வதால் அங்கே இன்னும் மோசம்.

கே: ‘வெள்ளைக் கிறிஸ்துமஸ்’ என்று அறிவிக்க எத்தனை சென்டிமீட்டர் பனி வேண்டும்? (ரெடிங்)

ப: சென்டிமீட்டரே வேண்டாம். டிசம்பர் 25-ன் 24 மணி நேரத்துக்குள் நாட்டில் எங்காவது ஒரு பனிச்செதில் விழுந்ததைப் பார்த்துப் பதிவு செய்தாலே பிரிட்டனின் வானிலை அமைப்பான மெட் ஆபீசுக்குப் போதும். தரையில் படிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கே: ‘தேம்ஸ் ஸ்ட்ரீமர்’ என்றால் என்ன? போன முறை அது வரும் என்றார்கள். எங்கள் பக்கம் வெயில் அடித்தது, ஐந்து மைல் தள்ளி முழங்கால் பனி. (ஈஸ்ட் ஹாம்)

ப: வெயில் அடித்ததும் சரி, முழங்கால் பனியும் சரி. ஸ்ட்ரீமரின் குணமே அதுதான்.

ஜனவரியில் வட கடலின் நீர் 6 முதல் 8 டிகிரி வரை இருக்கும். அதற்கு மேலே, 850 மட்டத்தில், மைனஸ் 7, மைனஸ் 8 என்று குளிர்காற்று வந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 13 டிகிரியைத் தாண்டும். அந்த அளவு வித்தியாசம் வந்தால் நீராவி குமிழிட்டு எழுந்து மழை மேகங்களாகும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரிய ஏரிகளை ஒட்டிய ஊர்களில் பனி கொட்டுவதற்கும் இதே 13 டிகிரி விதியைத்தான் பார்க்கிறார்கள். தேம்ஸ் முகத்துவாரத்தில் எசெக்ஸ் கரைக் காற்றும் கென்ட் கரைக் காற்றும் நடுவில் வந்து மோதுவதால் மேகங்கள் ஒரே வரிசையில் கோர்த்துக்கொள்கின்றன. அந்த வரிசைதான் ஸ்ட்ரீமர்; காற்று அடிக்கும் திசையிலேயே லண்டனுக்குள் நீளும். அகலம் சில மைல்களே. அதற்குள் மாட்டிய தெருவில் மணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் விழும். வெளியே நீல வானம்.

ஆகவே பார்க்க வேண்டியது காற்றின் திசை, அதுவும் டிகிரிக் கணக்கில். நேர் கிழக்கிலிருந்தோ சற்றே வடகிழக்காகவோ வந்தால் கிழக்கு லண்டனுக்கு யோகம். வடகிழக்காக இருபது டிகிரி திரும்பினால் வரிசை கென்ட்டுக்கு நகரும். தென்கிழக்காகத் திரும்பினால் காற்று கடலைக் கடக்கும் தூரமே குறைந்து ஸ்ட்ரீமர் அறுந்துவிடும். கணினி மாடல்களில் இது முந்தின நாள் இரவுக்கு முன் சரியாகத் தெரியாது. மெட் ஆபீசின் 1.5 கிலோமீட்டர் கட்ட அளவுள்ள மாடல் ஸ்ட்ரீமர் உருவாகும் என்று சொல்லும். அது எந்தத் தெருவின் மேல் என்பதில் அதுவும் பத்து மைல் தவறும்.

வட கடலிலிருந்து வரும் இத்தகைய பொழிவுகள் பெரிய அளவில் அமைந்ததற்கு 1987 ஜனவரி உதாரணம். கென்ட்டில் பல கிராமங்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டன. 2009 பிப்ரவரி 2 காலையில் லண்டனின் பேருந்துகள் எல்லாமே நிறுத்தப்பட்டதற்கும் வட கடல் பக்கமிருந்து வந்த பனிதான் காரணம்.

கே: வடதுருவத்தின் மேலே எங்கோ திடீரென்று சூடாகிறதாம், அதனால் நமக்குக் குளிருமாம். சூடானால் எப்படிக் குளிரும்? (லெஸ்டர்)

ப: சூடாவது நம் வானிலை நடக்கும் அடுக்கில் இல்லை. ஸ்ட்ராட்டோஸ்பியரில், சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில். குளிர்காலத்தில் அங்கே துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வளையம் ஓடும். போலார் வோர்டெக்ஸ் என்பது அதுதான். கீழிருந்து எழும் பெரிய அலைகள் சில குளிர்காலங்களில் அந்த வளையத்தை உடைத்துவிடும். காற்று அங்கே இறங்கி அமுக்கப்படும்போது சில நாட்களில் பல பத்து டிகிரி சூடாகிறது. 60-ஆவது வடக்கு அட்சத்தில், 10 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் மேற்குக் காற்று நின்று கிழக்குக் காற்றாகத் திரும்பினால் அதைப் ‘பெரிய நிகழ்வு’ என்று குறிக்கிறார்கள். சராசரியாகப் பத்துக் குளிர்காலத்தில் ஆறில் இது நடக்கிறது.

வளையம் உடைந்த பாதிப்பு கீழே இறங்கிவர ஓரிரு வாரம் பிடிக்கும். இறங்கினால் ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயர்மட்ட மேற்குக் காற்றோட்டம் பலவீனமாகித் தெற்கே சரியும். ஸ்காண்டிநேவியா, கிரீன்லாந்து பக்கம் உயர் அழுத்தம் உட்கார்ந்துகொள்ளும். அட்லாண்டிக் கதவு மூடும், கிழக்குக் கதவு திறக்கும். 2018 பிப்ரவரி 12-இல் காற்று திரும்பியது. அந்த மாதக் கடைசியில் ‘பீஸ்ட் ஃப்ரம் தி ஈஸ்ட்’ என்று பெயர் வாங்கிய கிழக்குக் கடுங்குளிர் வந்தது. கணக்கு அச்சாகப் பொருந்திய வருடம் அது.

ஆனால் மறு வருடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019 ஜனவரித் தொடக்கத்திலும் வளையம் உடைந்தது. ஆர்வலர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். மாதக் கடைசியில் ஆங்காங்கே கொஞ்சம் பனி விழுந்தது, அவ்வளவே. பிப்ரவரி 26-இல் லண்டன் க்யூ தோட்டத்தில் 21.2 டிகிரி வெயில்! பிரிட்டனின் குளிர்கால மாதமொன்றில் அதுவரை காணாத சூடு. மேலே உடைவது வாய்ப்பைக் கூட்டும். பனியை உங்கள் வாசலில் கொண்டுவந்து போடாது.

கே: மஞ்சள் எச்சரிக்கை என்றால் கொஞ்சம் பனி, ஆம்பர் என்றால் நிறைய, சிவப்பு என்றால் மிக அதிகம். சரிதானே? (மில்டன் கீன்ஸ்)

ப: பாதி சரி. நிறம் இரண்டை வைத்து முடிவாகிறது: பாதிப்பு எவ்வளவு, நடக்க வாய்ப்பு எவ்வளவு. பெரும் பாதிப்பு, ஆனால் வாய்ப்பு குறைவு என்றாலும் மஞ்சள்தான். சிறு பாதிப்பு, நிச்சயம் நடக்கும் என்றாலும் மஞ்சள்தான். மெட் ஆபீசின் எச்சரிக்கையில் ஒரு சிறிய கட்டப் படம் இருக்கும். அதில் டிக் எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். வலது ஓரத்தில் (பாதிப்பு அதிகம்) இருக்கும் மஞ்சளுக்கும் இடது ஓரத்தில் (பாதிப்பு குறைவு) இருக்கும் மஞ்சளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சிவப்பு அரிது: 2018 பிப்ரவரி 28-இல் ஸ்காட்லாந்தின் மத்தியப் பகுதிக்கும், மறுநாள் தென்மேற்கு இங்கிலாந்து, தெற்கு வேல்ஸுக்கும் கொடுத்தார்கள்.

கே: ஊட்டியில் பனிப்பொழிவு என்று வாட்ஸ்அப்பில் வெள்ளைப் புல்வெளிப் படங்கள் வருகின்றன. லண்டனில் விழுவதும் அதுவும் ஒன்றா? (சென்னை)

ப: இல்லை. தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் நீங்கள் பார்ப்பது உறைபனி. அது மேலேயிருந்து விழுவதில்லை, தரையிலேயே உருவாவது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து பூஜ்யத்துக்குக் கீழே போகும். காற்றிலுள்ள ஈரம் புல்லின் மேல் படிகமாக ஒட்டும். பனிப்பொழிவுக்கோ மேகம் வேண்டும். தமிழ்நாட்டின் மேல் குளிர்காலத்திலும் உறைமட்டம் நாலரை, ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். நடுவில் உள்ள இரண்டு கிலோமீட்டரில் எந்தச் செதிலும் தப்பாது. தேயிலையைக் கருக்குவதில் உறைபனி ஒன்றும் குறைந்ததில்லை என்பது வேறு விஷயம்.

கே: பனி விழுந்தால் அளந்து பதிவு செய்ய ஆசை. தோட்டத்தில் ஸ்கேலைக் குத்தினால் போதுமா? (கவென்ட்ரி)

ப: குத்தலாம், ஆனால் புல்லில் குத்தாதீர்கள். புல்லின் மேல் பனி பஞ்சாக நிற்கும், ஸ்கேலும் மண்ணுக்குள் இறங்கும். இரண்டும் சேர்ந்து ஓரிரண்டு சென்டிமீட்டர் அதிகம் காட்டும்.

40 சென்டிமீட்டர் சதுரமான பிளைவுட் பலகை ஒன்றை வெட்டி வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். கறுப்போ பழுப்போ இருந்தால் பகலில் வெயில் பட்டுச் சூடாகிப் பனியை உருக்கும். பனி தொடங்குவதற்கு முன் இரவே வெளியே வைத்துவிடுங்கள். வீட்டுக்குள்ளிருந்து சூடாக எடுத்துவைத்தால் முதல் அரை சென்டிமீட்டர் போய்விடும். சுவர், வேலி, மரம் எதிலிருந்தும் தள்ளி, குறைந்தது அவற்றின் உயர அளவு தூரத்தில். இடத்தில் ஒரு குச்சி நட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காலையில் பலகையைத் தேட வேண்டும்.

ஸ்கேல் விஷயத்தில் ஒன்று: கடையில் வாங்கும் பலவற்றில் பூஜ்யம் ஓரத்தில் தொடங்காது, நாலைந்து மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கும். அந்த ஓரத்தை அறுத்துவிடுங்கள். காலை 9 மணிக்கு மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். காற்று குவித்த மேட்டையும் துடைத்த பள்ளத்தையும் விட்டுவிடுங்கள். புதுப் பனி எவ்வளவு என்று தனியாக அளக்க விரும்பினால் அளந்தபின் பலகையைத் துடைத்து வையுங்கள். ஆனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக் கூடாது. மணிக்கொருமுறை துடைத்துக் கூட்டினால் பனி தன் எடையில் அமுங்குவது கணக்கில் வராது, மொத்தம் ஊதிப்போகும். ‘பனி படிந்த நாள்’ என்று எழுத, 9 மணிக்குக் கண்ணுக்கெட்டிய தரையில் பாதிக்குமேல் மூடியிருக்க வேண்டும்.

மழைமானி வைத்திருந்தால் அதற்குள் விழுந்த பனியை உருக்கி நீரளவும் எழுதுங்கள். வெதுவெதுப்பான நீரை முதலில் அளந்து, அதை ஊற்றிப் பனியை உருக்கி, மொத்தத்தை அளந்து, ஊற்றியதைக் கழித்துவிட வேண்டும். அடுப்பில் வைத்தால் ஆவியாகிவிடும்.

கே: 10 சென்டிமீட்டர் என்றார்கள், 3 கூட வரவில்லை. பொய்தானே? (ஸ்லௌ)

ப: 10 மில்லிமீட்டர் நீர் வரும் என்பது கணிப்பு, அதை ஒன்றுக்குப் பத்து என்று பெருக்கினால் 10 சென்டிமீட்டர். பூஜ்யத்தை ஒட்டிய ஈரப் பனியில் விகிதம் ஒன்றுக்கு ஐந்துதான். முதல் ஒரு மணி நேரம் ஈரத் தரையில் உருகி வீணாகும். சிறிது நேரம் ஸ்லீட்டாகப் போகும். மிச்சம் 3. கணிப்பில் நீரளவு சரியாகத்தான் இருந்திருக்கும். இன்னும் கடுங்குளிரில் உலர்ந்த பனி விழும்போது ஒன்றுக்கு இருபது வரை போவதும் உண்டு, அப்போது யாரும் புகார் எழுதுவதில்லை.

கே: வாசலில் உப்புப் போடுவது பனிக்கு முன்பா, பின்பா? எவ்வளவு? (மான்செஸ்டர்)

ப: முந்தின மாலை தரை ஈரமாக, ஆனால் மழை நின்றபின் லேசாகத் தூவுங்கள். விழுந்த பனியை மண்வெட்டியால் தள்ளியபின் மறுபடி தூவுங்கள். சமையல் உப்போ பாத்திரம் கழுவும் இயந்திரத்து உப்போ, சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். பனி மிதிபட்டு இறுகும் முன் காலையிலேயே நடுவில் ஒரு பாதை வெட்டி, அங்கிருந்து இருபுறமும் தள்ளினால் முதுகு தப்பிக்கும். வெந்நீர் ஊற்றாதீர்கள், அரை மணியில் கண்ணாடியாக உறைந்து, பனியைவிட மோசமாக வழுக்கும். மைனஸ் 8, 10 என்று இறங்கினால் உப்பு ஏறக்குறையப் பயனற்றது, அப்போது மணல். புல்லிலும் செடியிலும் உப்புப் பட வேண்டாம்.

கவுன்சில் லாரி உப்புத் தூவியும் சாலை வெளுத்துக் கிடக்கிறதே என்று இன்னொரு மான்செஸ்டர் வாசகி கோபப்பட்டிருக்கிறார். மழையாகத் தொடங்கிப் பனியாக மாறும் நாளில், தூவிய உப்பை மழை கழுவிக்கொண்டு போய்விடும். மாறியபின் தூவலாம் என்றால் லாரியும் மற்ற வண்டிகளோடு நெரிசலில் நிற்கும். அதுபோக, உப்பு கரைந்து வேலைசெய்ய வண்டிச் சக்கரங்கள் அதை நசுக்கிக் கலக்க வேண்டும். ஆளில்லாத பின்னிரவில் அது மெதுவாகவே நடக்கும்.

கே: கடுங்குளிர் காலையில் பாய்லர் ‘களக் களக்’ என்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. (லூட்டன்)

ப: பெரும்பாலும் கன்டென்சேட் குழாய். பாய்லரில் சேரும் நீரைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் சுவருக்கு வெளியே வரும். அது உறைந்தால் நீர் திரும்பி, பாய்லர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால், வளைவுகளிலும் குழாய் முனையிலும் வெந்நீர்ப் பையை வைத்தோ, வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றியோ இளக்குங்கள். கொதிநீர் குழாயை விரியச் செய்யும். கீழே சிந்திய நீர் உறையும், உடனே உப்புப் போடுங்கள். பிறகு பாய்லரின் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். ஏணி தேவைப்படும் உயரம் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். பனிக்காலம் முடிந்ததும் வெளியே உள்ள பகுதியைத் தடித்த குழாயாக மாற்றி, நீர் உறிஞ்சாத உறை போடச் சொல்லுங்கள்.

கே: ரேடாரில் பனி எங்கள் மேலே இருந்தது; சன்னலில் மழை. இரவு முழுக்கத் தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். எப்போது விழிப்பது, எப்போது தூங்கப் போவது என்று சொல்லுங்களேன். (வால்தம்ஸ்டோ)

ப: நீங்கள் பார்க்கும் ரேடார் படம் பெரும்பாலும் பனியையும் மழையையும் நேரடியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. பல தளங்கள் மாடலின் வெப்பநிலையை வைத்துப் பொழிவுக்கு வெள்ளை நிறம் பூசுகின்றன. இன்னொரு வில்லங்கமும் உண்டு: உருகும் பனிச்செதில் நீர்ப்பூச்சோடு இருப்பதால் ரேடார் கதிரைப் பலமாகத் திருப்பி அனுப்பும். உருகும் அடுக்கு ரேடாரில் கனமழையாக மினுங்கும், கீழே விழுவதோ சாதாரணத் தூறல். தாழ்வான மேகத்திலிருந்து விழும் பனி, ரேடார் நிலையத்திலிருந்து தூரம் அதிகமானால் கதிருக்குக் கீழேயே தப்பிப் போவதும் உண்டு. ரேடார் வெறிச்சென்று இருக்க, வாசலில் பனி.

மாலையில் ஐரோப்பிய மாடலின் புதிய ஓட்டம் ஆறு, ஏழு மணிக்குள் வந்துவிடும். பெரிய படத்தை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குமேல் பக்கத்து வானிலை நிலையங்களின் நிஜ அளவுகளைப் பாருங்கள், காற்று வரும் பக்கத்து நிலையங்களை முதலில். கிழக்குக் காற்று என்றால் உங்களுக்கு சவுத்எண்ட், ஷூபரினெஸ். அங்கே பனிப்புள்ளி மணிக்கு மணி இறங்குகிறதா? அங்கே விழுவது என்ன? பொழிவு தொடங்கியபின் உங்கள் வெப்பமானி அரை மணிக்குள் ஒரு டிகிரியாவது சரிந்தால் விழித்திருங்கள். 1.5-ஐச் சுற்றித் துளிகள் விளக்கொளியில் மெதுவாக, சாய்ந்து விழத் தொடங்கும், 0.5-ஐ எட்டினால் கார்க் கூரையில் படியும். புல்லில் அதற்கடுத்து, நடைபாதையில் கடைசியில்.

இரவு பத்து மணிக்குப் பனிப்புள்ளி பூஜ்யத்துக்கு மேல் ஒரு டிகிரி, காற்று தெற்கு பக்கம் திரும்புகிறது, மழையும் தூறலாக இளைத்துவிட்டது என்றால் அலாரம் வைக்காமல் தூங்குங்கள்.